‘உரிமை’ என்ற ஒரு சொல்: டேட்டாபேஸ் ரோல் ஆவணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் இந்த மாதம் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களின் எடைக் கணக்கை நாங்கள் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் வைத்திருக்கிறோம். அதில் அனுமதிகளைச் சுமக்கும் பெயருக்கு ரோல் என்று பெயர்; அது ஓர் ஆளாகவும் இருக்கலாம், ஒரு பதவியாகவும் இருக்கலாம். யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்பதைத் தமிழில் எழுதிவைப்பதுதான் இருவருக்கும் முதல் வேலை. எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தேன். பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஆவணத்தையே மறுபடி படிப்பதுபோல இருந்தது.

கடவுச்சொல்லை ஆவணத்தில் எழுதக்கூடாது என்பது போன்றவை எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ‘உரிமை’ என்று எழுதுவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

டேபிளைப் படிக்க, அதில் எழுத விடுவது ஒரு விஷயம். டேபிள் யாருடையது என்பது வேறு விஷயம். தமிழில் இரண்டுக்கும் உரிமை என்ற சொல் தானாகவே வந்து விழுந்துவிடும். என் ஆவணத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: “எடைப் பதிவு டேபிளின் உரிமையைக் கிராணிக்குக் கொடுக்கவும்.” (கிராணி என்பவர் தோட்ட எழுத்தர்.) நான் நினைத்தது, கிராண்ட் கட்டளையால் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுப்பதை. அதைப் படித்த அலுவலகத் தம்பி ஒருவர் டேபிளின் ஓனரையே கிராணியின் ரோலுக்கு மாற்றிவிட்டார். ஓனருக்குப் படிக்கவும் எழுதவும் முடியும் அல்லவா? வேலை ஒழுங்காக நடந்தது. மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அப்புறம் அந்தக் கிராணி வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். அவருடைய ரோலை நீக்கப் போனால், இதைச் சார்ந்து பொருள்கள் இருக்கின்றன, நீக்க முடியாது என்று போஸ்ட்கிரெஸ் மறுத்தது. தம்பி மறுபடி என் ஆவணத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் “விலகுபவரின் உரிமைகளை நீக்க: டிராப் ஓன்டு” என்று எழுதியிருந்தேன். அந்தக் கட்டளை கொடுத்த அனுமதிகளை மட்டும் திரும்பப் பெறுவதில்லை. அந்த டேட்டாபேஸில் அந்த ரோலுக்குச் சொந்தமான எல்லாவற்றையும் அழிக்கும். ‘நிச்சயமா?’ என்று ஒரு கேள்விகூடக் கேட்காது. எடைப் பதிவு டேபிள் போய்விட்டது.

முந்தைய இரவின் நகல் இருந்ததால் பழைய கணக்கு பிழைத்தது. அன்றைய பதிவுகளுக்கு அட்டைப்பெட்டியில் கிடந்த எடைச் சீட்டுகள்தான் கதி. கார்பன் படிந்த ஊதா எண்கள். மழையில் நனைந்த சீட்டுகளில் ஒன்றா ஏழா என்றே தெரியவில்லை. மூன்று பேர் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்து தட்டினோம். மறுநாள் திட்டு வாங்கியது அந்தத் தம்பி. நான் எழுதிக்கொடுத்ததைத்தான் அவர் அப்படியே செய்தார்.

சரியான வரிசை இது. முதலில் ரீஅசைன் ஓன்டு கட்டளையால் பொருள்களை வேறொரு ரோலின் பெயருக்கு மாற்ற வேண்டும். அடுத்து டிராப் ஓன்டு. அப்போது மிச்சமிருக்கும் அனுமதிகள் மட்டும் போகும். இந்த இரண்டையும் அந்த ரோல் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு டேட்டாபேஸிலும் செய்ய வேண்டும். டிராப் ரோல் கடைசியில்தான். முன்னால் ஒரு பிகின் கட்டளை போட்டுக்கொண்டால், தப்பாகப் போனாலும் கமிட் செய்து உறுதிப்படுத்துவதற்கு முன் ரோல்பேக் கட்டளையால் பழைய நிலைக்கு மீளலாம்.

இப்போது எங்கள் ஆவணத்தில் உரிமை என்ற சொல்லே கிடையாது. கிராண்ட் மூலம் தருவது அனுமதி. ஓனராக இருப்பது சொந்தம். ஒரு ரோலை இன்னொன்றில் போடுவது சேர்க்கை. உள்நுழைவது, டேட்டாபேஸ் உருவாக்குவது போன்ற ரோலின் பண்புகள் தகுதி. உங்களுக்கு வேறு சொற்கள் பிடிக்கலாம். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

யூசர், ரோல், குரூப் மூன்றையும் கலப்பது

போஸ்ட்கிரெஸில் 2005-இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து எல்லாமே ரோல்தான். கிரியேட் யூசர் என்று கொடுத்தாலும் உள்நுழையும் தகுதியுள்ள ரோல்தான் உருவாகிறது. அதனால் ஆவணத்தில் ‘ஆள் ரோல்’, ‘பதவி ரோல்’ என்று பிரித்து எழுதுகிறோம். தோட்டத்தில் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், என்பது பதவி. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர். அனுமதிகளைப் பதவிக்குக் கொடுத்துவிட்டு, ஆளை அதில் சேர்க்க வேண்டும். டேபிள்களும் எந்த ஆளின் பெயரிலும் இருக்கக்கூடாது. அன்றைக்கு இப்படிச் செய்திருந்தால் அந்த டேபிள் தப்பித்திருக்கும்.

“சேர்த்தால் எல்லாம் வந்துவிடும்”

வராது. அனுமதிகள் வழக்கமாகத் தானே வந்து சேரும். சூப்பர்யூசர் (எந்தத் தடையும் இல்லாத ரோல்), டேட்டாபேஸ் உருவாக்குவது, ரோல் உருவாக்குவது போன்ற தகுதிகள் சேர்க்கையால் ஒருபோதும் வருவதில்லை. செட் ரோல் கட்டளையால் அந்த ரோலாகவே மாறினால்தான் அவற்றைப் பயன்படுத்தலாம். புதிதாகச் சேர்ந்த இருவரில் ஒருவரான தங்கச்சி, மேலே தலைப்பாக இருக்கும் வரியை நம்பி அரைநாள் தேடியிருக்கிறார்.

“எல்லா டேபிள்களுக்கும்”

இப்படி அனுமதி கொடுத்தால், அது இன்று இருக்கும் டேபிள்களுக்கு மட்டும். நாளை உருவாகும் டேபிள்களுக்கு ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலெஜஸ் கட்டளை வேண்டும். அதுவும் எந்த ரோல் உருவாக்கப்போகும் டேபிள்கள் என்று குறிப்பிட்டு.

பப்ளிக்

கிராண்ட் கட்டளையில் பப்ளிக் என்றால், இருக்கிற, இனி வரப்போகிற எல்லா ரோல்களும். வெளியாட்கள் என்று எழுதாதீர்கள்.

வேறு டேட்டாபேஸின் சொல்

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் ரோல்களே வந்தன. அங்கே ரோலைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. டிஃபால்ட் ரோலாக வைக்காவிட்டால் வழக்கமாக உள்நுழையும்போது அது செயலில் இருக்காது. எஸ்கியூஎல் சர்வர் என்ற வேறொரு டேட்டாபேஸ் மென்பொருளில் லாகின் என்பது முழுச் சர்வருக்கு, யூசர் என்பது அதிலுள்ள ஒரு டேட்டாபேஸுக்கு. அங்கே படித்த வரியை இங்கே ஒட்டாதீர்கள்.

பதினேழு இடங்கள்

தங்கச்சியின் ஆவணத்தில் உரிமை பதினேழு இடங்களில் இருந்தது. ஒவ்வொன்றையும் அடிக்கோடிட்டு, எந்தக் கட்டளையை நினைத்து எழுதினார் என்று பக்கத்தில் எழுதச் சொன்னேன். ஒன்பது அனுமதி, ஐந்து சொந்தம். மீதி மூன்றில், “எனக்கே தெரியலண்ணே” என்றார். அந்த மூன்றையும் சோதனை டேட்டாபேஸில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எழுதினோம். இரண்டு சேர்க்கை, ஒன்று தகுதி.