பல் செட் போட்ட வயசானவைக்கு வாய் எரியுதெண்டா என்ன செய்யலாம்

வீட்டில அம்மம்மாவோ அப்பப்பாவோ "வாய் எரியுது, மிளகாய் கடிச்ச மாதிரி கிடக்கு" எண்டு சொன்னா நாங்க உடன செய்றது கறிக்குத் தூளைக் குறைக்கிறது, இல்லாட்டி பாமசியில ஏதோ ஒரு ஜெல் வாங்கிக் குடுக்கிறது. அதுக்கு முதல் செட்டைக் கழட்டச் சொல்லிட்டு, போன் டோர்ச்சை அடிச்சு வாய்க்குள்ள வடிவாப் பாருங்கோ.

மேல் அண்ணம் செட் மூடுற இடம் மட்டும் கோடு கீறின மாதிரி செக்கச்செவேலெண்டு இருந்தா அது பெரும்பாலும் கண்டிடா எண்ட பங்கஸ், ராப்பகலாக் கழட்டாமப் போடுறவைக்குத்தான் கூட வரும். கழட்டின செட்டின்ர உள்பக்கத்தை விரலால தடவிப் பாருங்கோ, வழுவழுப்பா ஒரு படலம் இருக்கும். அதைத் துப்பரவாக்காம வாய்க்கு மட்டும் மருந்து பூசினா மாறின மாதிரி இருந்திட்டுத் திரும்ப வரும்.

அதால ராவில செட் வாய்க்குள்ள இருக்கவே கூடாது. சாப்பிட்டு முடிய ஒவ்வொருக்காலும் கழுவுங்கோ, படுக்க முதல் சோஃப்ட் பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் போட்டுத் தேய்ச்சு, பச்சைத்தண்ணியில ஊறப் போடுங்கோ. டூத்பேஸ்ட் வேணாம், அது கீறும், கீறலுக்குள்ள பங்கஸ் குடியிருக்கும். சுடுதண்ணி ஊத்தினா செட் வளைஞ்சிடும். பேசினுக்குள்ள தண்ணி நிரப்பி வச்சுக் கழுவினா கை வழுக்கி விழுந்தாலும் உடையாது.

மருந்து எண்டா நிஸ்டாட்டின், மைக்கோனசோல் ஜெல் ரெண்டும்தான் வழமையாக் குடுக்கிறது. ஆனா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் குடிக்கிற ஆளுக்கு மைக்கோனசோல் ஜெல்லை நீங்களா வாங்கிப் பூசாதீங்கோ, அது வார்ஃபரினை எக்கச்சக்கமாக் கூட்டி ரத்தம் ஓட வச்சிடும். வாயில பூசுற ஜெல்தானே எண்டு பாமசியில ஒருத்தரும் கேக்கமாட்டினம், நீங்கதான் சொல்லோணும். முட்டுக்கு ஸ்டீரொய்ட் இன்ஹேலர் இழுக்கிறவை இழுத்த கையோட வாய் கொப்பளிக்கோணும்.

செட் ஆடுது, ஒரு இடத்தில உரசுது எண்டா பல் டொக்டரிட்டக் குடுத்துச் சரி செய்யுங்கோ. வீட்டில அரம் போட்டு ராவுறது, சுப்பர் குளூ ஒட்டுறது எல்லாம் தயவுசெய்து வேணாம்.

சரி, சிவப்பும் இல்ல புண்ணும் இல்ல, செட்டைக் கழட்டி வச்சாலும் எரியுது எண்டா? அப்ப செட்டில பழி போடாதீங்கோ. கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கோ. எனலாப்ரில், லிசினோப்ரில் மாதிரி பிரஷர் குளிசையால சிலருக்கு வாய் எரியும், வேற கன குளிசை வாயைக் காய வைக்கும். நீங்களா நிப்பாட்டாம டொக்டரிட்டக் கேளுங்கோ. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் கனகாலம் குடிச்சா விட்டமின் பி12 குறையலாம், அதாலயும் நாக்கு எரியும். அதால பி12, இரும்புச்சத்து, சீனி மூண்டையும் ரத்தத்தில பாக்கச் சொல்லுங்கோ.

இதெல்லாம் சரியா இருந்து, காலமை பரவாயில்ல, பின்னேரமாக எரிவு கூடுது, சாப்பிடேக்க குறையுது எண்டா நரம்பால வாறதா இருக்கலாம். மாதவிடாய் நிண்ட பொம்பிளையளுக்குத்தான் கூட. வாய்க்குள்ள ஒண்டும் தெரியாததால வீட்டில "சும்மா சொல்றா" எண்டு விட்டிடுவினம், பாவம். இதுக்கு குளோனசெபாம் குளிசையை வாயில கரைய விட்டுத் துப்பிற வைத்தியம் ஒண்டு இருக்கு, டொக்டர் எழுதித் தந்தா மட்டும். அந்தக் குளிசை தூக்கம் வர வைக்கும், வயசானவை தடுமாறி விழுந்திடுவினம்.

அதுவரைக்கும் ஐஸ் கட்டி உறிஞ்சலாம், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி குடிக்கலாம். கராம்பு எண்ணெய் பூசாதீங்கோ, இன்னும் எரியும். அன்னாசி, தேசிக்காய், கட்டச்சம்பல் கொஞ்ச நாளைக்கு வேணாம்.

வெத்திலை பாக்குப் போடுற ஆக்கள் எண்டா கதையே வேற. வாய் வடிவாத் திறக்கேலாம, கன்னம் உள்ளுக்கு வெளிறி விறைச்சு இருந்தாலோ, வெள்ளையா சிவப்பா ஒரு திட்டு இருந்தாலோ, புண் 2 கிழமைக்கு மேல ஆறாம இருந்தாலோ ஜெல் பூசிக்கொண்டு இருக்காம கொழும்பு வோட் பிளேஸில இருக்கிற தேசிய பல் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. போகேக்க செட்டையும், குடிக்கிற குளிசை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போங்கோ.