பிரிட்டனின் 1752: ஆண்டு நிகழ்வுகளைத் தொகுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் 1752ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றையும், அவ்வாண்டில் பிறந்தோர், இறந்தோர் விவரங்களையும் தொகுக்க முற்படுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, அங்கே அந்த ஆண்டுக்கு 355 நாட்களே இருந்தன என்பதுதான். ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டுக் கிரிகோரியன் நாட்காட்டியை ஏற்ற சட்டத்தின்படி, செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை ஆயிற்று. எனவே செப்டம்பர் 3 முதல் 13 வரையிலான ஒரு நாளில் லண்டனில் ஒருவர் இறந்தார் என்று எங்கேனும் காணப்பட்டால், அது பிழையாக இருக்க வேண்டும், அல்லது பிற்காலத்தவர் புதிய முறைக்கு மாற்றிய தேதியாக இருக்க வேண்டும். எது என்று பாராமல் அதை எடுத்தெழுதக் கூடாது.

மிகப் பரவலான தவறு, ஒரே பட்டியலில் இரு முறைகளையும் கலப்பது. நாவலாசிரியை ஃபேனி பர்னி பிறந்தது பழைய முறைப்படி ஜூன் 13; பாரிஸில் அன்றைய தேதி ஜூன் 24. ஆயர் ஜோசப் பட்லர் பாத் நகரில் மறைந்த ஜூன் 16க்கும் இது பொருந்தும். ஆனால் கவிஞர் தாமஸ் சாட்டர்டன் பிரிஸ்டலில் பிறந்த நவம்பர் 20 ஏற்கெனவே புதிய முறைத் தேதி. அதனுடன் 11 நாட்களைக் கூட்டுவது அவருடைய பிறந்தநாளையே மாற்றிவிடும். கூட்ட வேண்டிய எண்ணும் எல்லாக் காலத்துக்கும் ஒன்றல்ல. 1700 பிப்ரவரி இறுதி வரை வேறுபாடு 10 நாட்கள். அதன் பின்னரே 11. கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்று இன்றும் எழுதப்படுவது இந்தக் கலப்பினால் விளைந்ததே. கலிலியோ மறைந்த 1642 ஜனவரி 8 கிரிகோரியன் தேதி; நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 ஜூலியன் தேதி. ஒரே முறையில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. அழகான தற்செயல் என்பதற்காக ஒரு தவறான செய்தியைப் பாதுகாக்க வேண்டியதில்லை.

ஆண்டுத் தொடக்கம் இதைவிட நுட்பமான சிக்கல். சித்திரையில் பிறக்கும் தமிழாண்டை ஆங்கில ஆண்டுக்கு மாற்றிப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. அச்சட்டமே 1752 முதல் அதை ஜனவரி 1க்கு மாற்றியது. அதனால் சட்டக் கணக்கில் 1751 வெறும் 282 நாட்களோடு முடிந்தது. மூன்றாம் ஜார்ஜின் தந்தையான இளவரசர் ஃபிரடெரிக் இறந்ததை நாம் 1751 மார்ச் 20 என்கிறோம்; அன்றைய சட்டக் கணக்கில் அது 1750. இதைத் தெரிந்துகொண்ட சிலர், 1752இன் ஜனவரி, பிப்ரவரித் தேதிகளையும் ‘திருத்தி’ 1753 ஆக்கிவிடுகிறார்கள்; அந்த மாதங்களுக்கு எவ்விதத் திருத்தமும் தேவையில்லை. சட்ட ஆண்டைப் பொருட்படுத்தாமல் ஜனவரியிலேயே ஆண்டைத் தொடங்கி எழுதியவர்களும், 1750/51 என இரட்டையாகக் குறித்தவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். ஆகவே மூல ஆவணத்தைப் பார்க்காமல் ஓர் ஆண்டைக் கூட்டுவது ஆபத்தானது. ஸ்காட்லாந்து 1600 முதலே ஜனவரி 1ஐ ஆண்டின் முதல் நாளாகக் கொண்டிருந்ததால், இங்கிலாந்தின் வழக்கத்தை பிரிட்டன் முழுமைக்கும் ஏற்றிச் சொல்வதும் தவறு.

‘எங்கள் பதினொரு நாட்களைத் திருப்பித் தாருங்கள்’ என்று மக்கள் கலகம் செய்ததாகப் பல பட்டியல்களில் வரும் செய்தியை விட்டுவிடலாம். அப்படிக் கலகம் நடந்ததற்குச் சமகாலச் சான்று இல்லை. ஹோகார்த் வரைந்த தேர்தல் ஓவியம் ஒன்றில் காணப்படும் வாசகமே பின்னாளில் வரலாறாக வளர்ந்தது.

1752 ஜூனில், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போரில், ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது; பிரெஞ்சு ஆதரவுடன் கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் கொல்லப்பட்டார். பிரான்ஸ் 1582இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டதால், சென்னை ஆங்கிலேயரின் கடிதங்களும் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரரின் கடிதங்களும் அப்போரின் ஒரே நாளை 11 நாள் வேறுபாட்டுடன் குறிக்கின்றன. கர்நாடகப் போர் நிகழ்வுகளை பிரிட்டனின் ஆண்டுத் தொகுப்பில் சேர்ப்போர், தேதியை எத்தரப்பின் கடிதத்திலிருந்து எடுத்தார்கள் என்பதையும் அருகிலேயே குறித்துவைக்க வேண்டும்.