வீடற்ற குடும்பங்கள் நடுவே மிஷன் ஊழியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழை நாடு ஒன்றில் வீடிழந்த குடும்பங்களுக்கு உதவ ஒரு சபை தீர்மானித்ததும் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி, "எத்தனை வீடு கட்டலாம்?" என்பதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு குடும்பம் ஏன் வீட்டை இழந்தது, இனி எங்கே எப்படிப் பிழைக்க நினைக்கிறது என்று கேட்காமல் போடும் திட்டம் காணிக்கைப் பணத்தை விரயமாக்கும். சில நேரம் அந்தக் குடும்பத்தையே பிரித்தும் விடும்.

வீடற்றோர் என்றதும் நடைபாதையில் படுப்பவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கடை அடைத்த பிறகு அதன் வாசலில் ஒதுங்குபவர்கள், ஆற்றங்கரையில் தார்ப்பாய்க்குள் இருப்பவர்கள், உறவினரின் ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேராக அண்டியிருப்பவர்கள் எல்லோரும் வீடற்றவர்களே. பகலில் கணக்கெடுத்தால் இவர்களில் பலர் கண்ணில் படமாட்டார்கள். பெரியவர்கள் கூலி வேலைக்கும் பிள்ளைகள் குப்பை பொறுக்கவும் போயிருப்பார்கள். அதனால் விடியற்காலையிலோ, இரவில் சந்தடி அடங்கிய பிறகோ, அந்தப் பகுதிக்காரர் ஒருவரோடு போய்க் கணக்கெடுக்க வேண்டும். நேற்று இரவு எங்கே தூங்கினீர்கள்? அதற்கு முன் எங்கே இருந்தீர்கள்? அங்கிருந்து ஏன் கிளம்பினீர்கள்? குடும்பத்தில் யார் இப்போது உடன் இல்லை, அவர்கள் எங்கே? இந்த நான்கு கேள்விகளுக்கு வரும் பதிலே திட்டத்தைத் தீர்மானிக்கும்.

மூன்று மாத வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்ட குடும்பத்துக்கு வீடு கட்டித் தரத் தேவையில்லை. பாக்கியை நேரடியாக வீட்டு உரிமையாளரிடம் கட்டி, ரசீது வாங்கி, எழுத்து ஒப்பந்தத்தோடு குடும்பத்தைத் திரும்பக் குடியமர்த்தினால் போதும். ஒரு வீட்டின் செலவில் இப்படிப் பல குடும்பங்களைக் காப்பாற்றலாம். நோய்ச் செலவுக்காக வீட்டை விற்றவர்களுக்கு மருத்துவக் கடன் தீராமல் எந்த வீடும் நிலைக்காது. புயலில் வீடிழந்தவர்களுக்குப் பழைய மனை இன்னும் இருக்கலாம், அப்படியானால் கூரையும் கருவிகளும்தான் தேவை.

நில ஆவணம் பார்க்காமல் அடித்தளம் தோண்டுவது

இருக்கிற தவறுகளில் இதுதான் மிகப் பெரியது. வெறும் மனையாகக் கிடக்கும்வரை யாரும் திரும்பிப் பார்க்காத நிலத்துக்கு, சுவர் எழும்பியதும் மதிப்பு கூடிவிடும். உடனே ஒரு உரிமையாளர் வருவார். இறந்துபோன கணவரின் சகோதரர்கள் வருவார்கள். சாலை விரிவாக்கத்துக்கு அளந்த இடம் என்று நகராட்சி நோட்டீஸ் வரும். குடும்பம் இரண்டாம் முறையாக வீடற்றுப் போகும்.

வேலை தொடங்கும் முன் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்க்க வேண்டும். பிறகு நாலு பக்கத்து அண்டைவீட்டாரையும் ஒரே நாளில் வரவழைத்து எல்லையை நடந்து காட்டி, கல் நட்டு, வரைபடத்தில் அவர்களிடம் கையொப்பமோ கைநாட்டோ வாங்க வேண்டும். பதிவேடுகள் சரியாக இல்லாத நாடுகளில் பிற்காலத் தகராறைத் தடுப்பதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு தாள்தான் கையில் இருக்கும். உள்ளாட்சியின் எழுத்து அனுமதியும் வேண்டும். ஊர்த் தலைவரின் வாய்மொழி அனுமதி அவர் பதவியில் இருக்கும்வரைதான் செல்லும். கடந்த வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை அங்கு வாழும் மூத்தவர்களிடம் கேட்டுச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆவணம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். கணவன் பெயரில் மட்டும் இருந்தால், அவர் இறந்தாலோ விட்டுப் போனாலோ மனைவியும் பிள்ளைகளும் தெருவுக்கு வருவார்கள். விதவைக்குக் கொடுக்கும்போது அவரது உரிமையைக் கணவரின் உறவினர்கள் சாட்சிகளாக ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவது நல்லது. சபையின் பெயரிலோ மிஷனின் பெயரிலோ நிலத்தைப் பதிவு செய்வதை அறவே தவிர்க்க வேண்டும். "பாதுகாப்புக்காகத்தான்" என்று காரணம் சொல்லப்படும். ஆனால் அப்போது அந்தக் குடும்பம் குடியிருப்போர் மட்டுமே. போதகர் மாறினாலும் சபை பிளவுபட்டாலும் அவர்களை வெளியேற்ற முடியும்.

உரிமை கிடைக்கவே கிடைக்காத இடம் என்றால் செங்கல் வைக்காதீர்கள். போல்ட் போட்டு இணைத்த சட்டகம், கழற்றி எடுத்துப்போகக்கூடிய தகடுகள் என்று அமையுங்கள். விரட்டினாலும் பொருள் குடும்பத்தின் கையில் மிஞ்சும்.

நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊருக்கு வெகு தொலைவில் வாங்கிக் குடியிருப்பு கட்டுவது இதன் தம்பித் தவறு. வேலைக்குப் போய்வரும் பயணச் செலவு தினக்கூலியில் பெரும்பகுதியை விழுங்கினால், அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டோ பழைய இடத்துக்கே திரும்புவார்கள். அதை நன்றிகெட்டதனம் என்று பேசும் ஊழியர்கள் உண்டு. அது நியாயமில்லை, பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்துத்தான் அவர்கள் அந்த முடிவை எடுக்கிறார்கள். இடம் வாங்கும் முன் குடும்பத் தலைவிகள் சிலரை அங்கே கூட்டிப்போய், வேலையிடம், பள்ளி, மருத்துவமனை, தண்ணீர் ஆகியவற்றுக்கு நடந்தே நேரத்தை அளந்து, அவர்களின் முடிவைக் கேளுங்கள்.

பத்து நாள் பயணத்தில் வீடு கட்ட நினைப்பது

குறுகிய கால மிஷன் குழுக்கள் அன்போடுதான் வருகின்றன. ஆனால் கொத்துக்கரண்டி பிடித்தறியாதவர்கள் எழுப்பும் சுவரில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. கலவை எளிதாகப் பரவட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவார்கள், அதனால் கலவையின் வலு குறையும். தண்ணீர் சேர்த்த சிமெண்ட் கலவையை ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பிசைவார்கள். செங்கல்லை நனைக்காமல் வைத்தால் அது கலவையின் ஈரத்தை உறிஞ்சி ஒட்டுதலைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரை ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும், ஆனால் குழுவின் விமானம் அதற்குள் கிளம்பிவிடும். நிலநடுக்கப் பகுதியில் இப்படிப்பட்ட சுவர் உயிரைக் குடிக்கும்.

கூரையில் வேறு தவறுகள். செலவைக் குறைக்க மெல்லிய தகடு வாங்கினால் முதல் பெருங்காற்றில் ஆணியைச் சுற்றிக் கிழியும். 26 கேஜ், அதாவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தகடு சில ஆண்டுகளில் விலை வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். ஆணியை நெளிவின் பள்ளத்தில் அடித்தால் அந்தத் துளை வழியாக மழைநீர் இறங்கும், மேட்டில்தான் அடிக்க வேண்டும். குடைத்தலை ஆணியும் ரப்பர் வாஷரும் தேவை. தகடுகள் பக்கவாட்டில் ஒன்றரை முதல் இரண்டு நெளிவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். இறவாரத்திலும் முகட்டிலும் ஆணிகளை நெருக்கமாக அடியுங்கள், காற்று முதலில் பிடித்து இழுப்பது அந்த ஓரங்களைத்தான். கூரைச் சட்டங்களை இரும்புப் பட்டையால் சுவரின் மேல் விட்டத்தோடு கட்டாவிட்டால் கூரை முழுதாகத் தூக்கிக்கொண்டு போகும்.

உள்ளூர்க் கொத்தனாரையும் தச்சரையும் கூலிக்கு அமர்த்துங்கள். வீடு பெறப்போகும் குடும்பத்தில் வேலை செய்யக்கூடியவர்களுக்கும் அதே இடத்தில் கூலி கொடுங்கள். விமானச் சீட்டுக்குப் போகும் தொகை அவர்களுக்குப் பல வாரக் கூலியாகும். நேரில் வர விரும்புகிறவர்கள் கணக்குப் பதிவு, பொறியியல் மேற்பார்வை, மருத்துவம் என்று தமக்கு உண்மையில் தெரிந்த வேலைக்கு வரட்டும்.

கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14:28 சொல்கிறது. கழிவறை, வடிகால், உள்ளிருந்து தாழிடும் கதவு, ஜன்னல் எல்லாம் சேர்ந்ததே வீட்டின் விலை. ஐம்பது வீட்டுக்கு அடித்தளம் போட்டுவிட்டு நன்கொடை வரும் என்று காத்திருப்பதைவிட, ஐந்தை முடித்துக் குடியேற்றிவிட்டு ஆறாவதைத் தொடங்குவது மேல். கையில் இல்லாத பணத்தை நம்பி எந்தக் குடும்பத்துக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை நம்பி இருந்த ஒதுக்கிடத்தையும் விட்டு வந்தவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள்.

தற்காலிகத் தங்குமிடம்

இதற்கு, பேரிடர் நிவாரணப் பணிக்கான பன்னாட்டுத் தரநெறி நூலான ஸ்பியர் கையேடு தரும் குறைந்தபட்ச அளவுகள் உலகெங்கும் நடைமுறையில் உள்ளன. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம், நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிவறை. ஐந்து பேர் குடும்பத்துக்கு 17.5 சதுர மீட்டர். வழக்கமான 4 × 6 மீட்டர் தார்ப்பாயை விரித்தால் 24 சதுர மீட்டர் என்று கணக்குப் போட்டு ஒன்றை மட்டும் கொடுக்கிறார்கள். கூடாரமாக மடித்துக் கட்டும்போது தரைப்பரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். குடும்பத்துக்கு இரண்டு தார்ப்பாயும் கயிறும் கருவிகளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நடுவில் துளையிட்டுக் கட்டினால் அங்கிருந்தே கிழியும். துணிக்குள் உருண்டைக் கல் ஒன்றை வைத்து, அதன் கழுத்தில் கயிறு கட்டினால் தாங்கும். வெயிலில் தார்ப்பாய் நொறுங்கிப்போகும் என்பதால், மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து மாற்றுங்கள்.

கூடாரங்களுக்கிடையே குறைந்தது இரண்டு மீட்டர் விடாவிட்டால் ஒரு அடுப்பின் தீ வரிசை முழுவதையும் எரித்துவிடும். கழிவறைக் குழி, நீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளியும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலேயும் இருக்க வேண்டும். பெண்களின் கழிவறைக்கு உள்தாழ்ப்பாளும் விளக்கும் இல்லையென்றால் இரவில் அவர்கள் அதைப் பயன்படுத்தமாட்டார்கள். பயன்படுத்தாததற்கு ஒழுக்கக் காரணம் தேடாதீர்கள், விளக்கைப் போடுங்கள்.

பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்வது

"பெற்றோருக்கு வழியில்லை, பிள்ளைகளையாவது நம் இல்லத்தில் வளர்ப்போம்" என்ற எண்ணம் இரக்கத்தில் பிறப்பதுதான். ஆனாலும் மிஷன் பணியில் மிக ஆழமான காயத்தை ஏற்படுத்துவது இதுவே. வறுமை மட்டுமே ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. அனாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்ப நன்கொடை வரும் இடத்தில், படுக்கையை நிரப்ப ஏழைக் குடும்பங்களைத் தேடிப்போகும் தரகர்களும் முளைக்கிறார்கள்.

2010 ஜனவரி ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அமெரிக்க பாப்டிஸ்டுகள் பத்துப் பேர் 33 பிள்ளைகளை உரிய ஆவணங்களின்றி எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்றபோது கைது செய்யப்பட்டனர். அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தார்கள். பேரிடர் நேரத்தில் எந்தப் பிள்ளையையும் பதிவும் அரசு அனுமதியும் இல்லாமல் இடம் மாற்றக் கூடாது. தனித்துக் கிடைக்கும் பிள்ளையின் பெயர், கண்டெடுத்த இடம், உடன் இருந்தவர்கள், உடுத்தியிருந்த துணி வரை அன்றே எழுதி, குழந்தைகள் நலத்துறையிடம் சேர்க்க வேண்டும்.

ஒரு பிள்ளையை இல்லத்தில் வைக்க ஆகும் மாதச் செலவைத் தாளில் எழுதிப் பாருங்கள். அதே தொகையைத் தாயின் அறை வாடகை, பள்ளிக் கட்டணம், சிறு தொழிலுக்கான முதல் என்று பிரித்தால் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளும் தாயோடு இருக்க முடியும். உண்மையிலேயே பெற்றோர் இல்லையென்றால் பாட்டி, மாமன், சித்தி என்று உறவுகளைத் தேடி, அவர்களுக்கு ஆதரவு கொடுங்கள். இல்லம் என்பது கடைசி வழியாகவே இருக்கட்டும். ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி என்று கணவனையும் மனைவியையும் பிரிக்கும் இரவுத் தங்குமிடங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

உதவியை விசுவாசத்தோடு முடிச்சுப் போடுவது

செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை நெறி, நிவாரணத்தை அரசியல் நிலைப்பாட்டையோ மத நிலைப்பாட்டையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. கிறிஸ்தவ நிறுவனங்கள் பலவும் இதில் கையெழுத்திட்டுள்ளன. விசுவாசத்தை மறைக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. டோக்கன் வாங்கும் வரிசையில் நிற்பவரால் ஜெபத்துக்கு "வேண்டாம்" என்று சொல்ல முடியாது, அதனால் அவர் சொல்லும் "சரி"யிலும் உண்மை இருக்காது. ஆராதனையை வேறு நாளில், வேறு இடத்தில் வையுங்கள். பயனாளிப் பட்டியலைத் தயாரிப்பவரும் ஞானஸ்நான வகுப்பு எடுப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். மதமாற்றத் தடைச் சட்டம் உள்ள நாடுகளில் வெளியிலிருந்து வந்தவர் ஊர் திரும்பிவிடுவார், வழக்கைச் சந்திப்பது உள்ளூர்ப் போதகரும் அந்த ஏழைக் குடும்பமும்தான்.

பட்டியல் போதகர் ஒருவரின் கையில் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சபைக்கு வருபவர்களே அதில் முதலில் ஏறுவார்கள். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் இதே குறைதான் எழுந்தது: அன்றாட விநியோகத்தில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள். அப்போஸ்தலர்கள் பொறுப்பை ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள், அந்த ஏழு பேரும் கிரேக்கப் பெயர் கொண்டவர்கள். விடுபட்ட மக்களிலிருந்தே ஆட்களைத் தேர்வுக் குழுவில் சேருங்கள். தகுதி விதிகளையும் பட்டியலையும் பொது இடத்தில் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள்.

பொருள் உதவியில் சில வார்த்தைகள். பழைய துணி மூட்டைகளை அனுப்பும் கப்பல் செலவு அங்கே புதுத் துணி வாங்கப் போதுமானதாக இருக்கும். மிச்சமான மருந்துகளை அனுப்பாதீர்கள். போய்ச்சேரும் நாளில் குறைந்தது ஓராண்டுக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. பால்பவுடரைப் பொதுவாக வினியோகிப்பது கைக்குழந்தைகளுக்கு ஆபத்து, சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் வயிற்றுப்போக்கு வரும், தாய்ப்பாலும் வற்றும். சந்தை இயங்கும் ஊரில் பணமாகக் கொடுப்பதே பெரும்பாலும் சிறந்தது. பிள்ளைகளின் முகத்தையும் ஊரையும் காட்டும் படங்களை நன்கொடைக் கடிதத்தில் போடாதீர்கள்.

வீடற்ற பெண்களிடம் உதவிக்குப் பதிலாகப் பாலியல் இணக்கம் கேட்கும் ஊழியர்கள் கிறிஸ்தவப் பணியில் இருக்கமாட்டார்கள் என்று நம்பிவிடக் கூடாது. தனியாக இருக்கும் பெண்ணின் தங்குமிடத்துக்கு இருவராகவே போங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். உதவி முற்றிலும் இலவசம் என்பதை விநியோக இடத்தில் எழுதியும் படமாகவும் வையுங்கள். புகார் எண் அந்தக் குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் போக வேண்டும்.

எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை, யாரும் குறைசொல்லாதபடி மற்றவர்களையும் உடன் அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18-21). வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு கூலிக்கும் ரசீது, பொருள் வாங்கியவர் வேறு, சரிபார்த்தவர் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுத்த நாளோடு கோப்பை மூடவும் வேண்டாம். ஆறாம் மாதத்திலும் முதல் மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பாருங்கள்: அந்தக் குடும்பம் அங்கேயே தூங்குகிறதா, பிள்ளைகள் எல்லோரும் உடன் இருக்கிறார்களா, ஆவணம் யாரிடம் இருக்கிறது, கூரை ஆணி தளர்ந்திருக்கிறதா, வீட்டை அடகு வைக்க நேர்ந்ததா. பழுதுபார்ப்பதற்கென்று ஆரம்பத்திலேயே ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்திருந்தால், தளர்ந்த ஆணியை அன்றே மாற்றிவிட்டு வரலாம்.