நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு: தூரக் கணக்கிலும் நேரக் கணக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். நாகர்கோவிலின் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து பேருந்தில் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். இவ்விரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலரும் செய்யும் முதல் தவறு. முன்னது ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆகும் நேரம் மட்டுமே. நம் மாவட்டத்திலோ விமான நிலையமே இல்லை.

தூரத்திலும் இதே குழப்பம் உண்டு. நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 625 கிலோமீட்டர். நெல்லை, மதுரை, திருச்சி வழியாகச் சாலையில் சுமார் 700. இணையத்தில் முதலில் கண்ணில்படும் எண் இவற்றில் எது என்று பாராமல், அதை 100ஆல் வகுத்து 'காரில் ஆறேகால் மணி நேரம்', 'ஏழு மணி நேரம்' என்று முடிவுகட்டுபவர்கள், சுங்கச்சாவடியையும் சாப்பாட்டையும் தாம்பரத்து நெரிசலையும் மறந்துவிடுகிறார்கள்.

இருப்பினும், நம்மவர்களை உண்மையில் ஏமாற்றுவது வானில் கடக்கும் தூரமன்று, திருவனந்தபுரம் வரையிலான எழுபது கிலோமீட்டர்தான். தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என ஊருக்கு ஊர் கடைத்தெருவின் நடுவே செல்லும் அந்தச் சாலையில், மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பின்பும், இரண்டரை மணி நேரம் ஒதுக்குவதே விவேகம். உறவினர் ஒருவரை விமானம் ஏற்றிவிடச் சென்ற நாளில் பாலராமபுரம் சந்திப்பிலேயே இருபது நிமிடம் நின்றோம். விமான நிலையத்துக்கு இன்னும் இருபது கிலோமீட்டர்கூட இல்லை என்று கைப்பேசி காட்டிக்கொண்டிருந்ததில் எவருக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை.

காலை 9 மணி விமானம் என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டு விமானங்களுக்கான பதிவு கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவதால், 7.30க்கு அங்கே இருக்க வேண்டும். அதற்கு நாகர்கோவிலில் 5 மணிக்கே புறப்பட வேண்டும். மீனம்பாக்கத்தில் 10.20க்கு இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு தியாகராய நகர் சேர 11.40 ஆகிவிடும். ஆக, ஒன்றேகால் மணி நேரப் பயணம் வாசலிலிருந்து வாசல் வரை ஆறு மணி நாற்பது நிமிடம். பேருந்தைவிட இது குறைவுதான். ஆனால் பேருந்தில் அந்த நேரத்தைத் தூங்கிக் கழிக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே கணக்கு பொருந்தாது. களியக்காவிளைக்காரருக்குத் திருவனந்தபுரம் பக்கத்து ஊர். ஆரல்வாய்மொழிக்காரர் தூத்துக்குடியின் வாகைகுளம் விமான நிலையத்தையும் எண்ணிப் பார்க்கலாம், ஏனெனில் கிலோமீட்டர் கூடினாலும் காவல்கிணற்றுக்கு அப்பால் நான்குவழிச்சாலை.

பேருந்தில் செல்வோரும் 'சென்னை' என்பதை இன்னும் கோயம்பேடு என்றே நினைத்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கினால், நகரின் நடுப்பகுதியை அடைய மேலும் ஒரு மணி நேரம் வேண்டும்.

திருவனந்தபுரத்துக்கே உரிய ஒரு வழக்கமும் உண்டு: பத்மநாப சுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் சடங்கு) ஊர்வலங்கள் சங்குமுகம் கடற்கரைக்கு விமான ஓடுபாதையைக் கடந்தே செல்வதால், அவ்விரு நாள்களிலும் சில மணி நேரம் விமானங்கள் இயங்குவதில்லை. அந்த மாதங்களில் மாலை விமானத்துக்குச் சீட்டு எடுப்பவர்கள் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.