ஐஸ் ஹாக்கியை கோலியின் (கோல்கீப்பரின்) கண்ணால் பார்ப்பது எப்படி?

புதிதாக ஐஸ் ஹாக்கி பார்க்க உட்காரும் எல்லோரும் முதலில் சொல்வது, பக் எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்றுதான். 3 அங்குல அகல ரப்பர் வட்டு, ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டிப் பறக்கும், அதைத் திரையில் துரத்தினால் கண்தான் வலிக்கும். பக்கை விட்டுவிட்டு கோலியைப் பாருங்கள். கூடவே, முன்பு கோலியாக நின்று பிறகு மைக் பிடித்தவர் வர்ணனை செய்யும் ஆட்டமாகத் தேடிப் பிடியுங்கள். கெல்லி ஹ்ரூடி, கெவின் வீக்ஸ், டேரன் பாங், ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட், எல்லோருமே வலைக்கு முன்னால் நின்று அடி வாங்கியவர்கள்.

ஏன் கோலிகள்? மற்ற வீரர்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடிவிட்டு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். கோலி மட்டும் 60 நிமிடமும் மொத்த ஆட்டத்தையும் எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டே, பின்னால் ஆள் வருகிறான், இடது பக்கம் போ என்று தன் ஆட்களுக்குக் கத்திக்கொண்டிருப்பார். பாதி வர்ணனையை அங்கேயே பழகிவிடுகிறார் என்பது என் எண்ணம்.

சரி, முதலில் கால்கள். வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். அதன் முன்னால் நீல வண்ணம் பூசிய இடம்தான் கிரீஸ். எதிரணி ஆள் பக்கோடு நீலக்கோட்டை (தாக்கும் பகுதி தொடங்கும் கோடு) தாண்டும்போது கோலியின் குதிகால் கிரீஸுக்குள் இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்று பாருங்கள். ஓரடி முன்னால் வந்தாலே அடிப்பவனுக்குத் தெரியும் வலை குறைந்துவிடும், ஆனால் பக்கவாட்டில் ஒரு பாஸ் போனால் அந்த ஓரடியையும் சேர்த்துத்தான் அவர் திரும்பி வர வேண்டும். அந்தப் பாஸுக்கு அவர் நின்றபடியே தள்ளிப் போனாரா, முழங்காலில் சறுக்கிப் போனாரா என்பதையும் கவனியுங்கள். 'இதைத் தடுத்திருக்க வேண்டும்' என்று மற்றவர்கள் சொல்லும் பல கோல்களுக்கு, முன்னாள் கோலி ஒருவர் அந்தக் குறுக்குப் பாஸை விட்டது யார் என்று காட்டுவார்.

அப்புறம் தலை. எதிரணி ஆட்கள் வேண்டுமென்றே வந்து மறைத்து நிற்பார்கள், கோலி அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார், உடனே குனிந்து இடுப்புப் பக்கம் பார்ப்பார். பக் கிளம்பிய நொடியில் அவர் தவறான பக்கம் எட்டிக்கொண்டிருந்தால் முடிந்தது. ரீப்ளேயில் அந்த ஒரு இடத்தில் நிறுத்திப் பாருங்கள், தெளிவாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ரீபவுண்ட், தடுத்த பக் எங்கே போய் விழுகிறது என்பது. இதற்கு 1980 பிப்ரவரி 22 அன்று லேக் பிளாசிடில் நடந்த அமெரிக்கா-சோவியத் ஒலிம்பிக் ஆட்டத்தைப் பாருங்கள். அமெரிக்க ஒளிபரப்பில் வர்ணனையாளர் அல் மைக்கேல்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கென் டிரைடன். மாண்ட்ரியல் கனடியன்ஸ் அணிக்காக, வட அமெரிக்காவின் NHL லீக் சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பையை 6 முறை வென்று முந்தைய ஆண்டுதான் ஓய்வு பெற்ற கோலி. முதல் பீரியட் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவது) முடியப் போகிறது, சோவியத் 2-1 என முன்னிலை. அமெரிக்க வீரர் டேவ் கிறிஸ்டியன் வெகு தூரத்திலிருந்து ஒன்று அடிக்கிறார், ஆபத்தே இல்லாத அடி. சோவியத் கோலி விளாடிஸ்லாவ் டிரெட்டியாக் தடுத்தும் விட்டார். ஆனால் பக் அவர் கால் பேடில் பட்டு நேராக முன்னால் தெறித்தது. சோவியத் தடுப்பாளர்கள் இருவரும் வேகத்தைக் குறைத்திருந்த நேரத்தில் மார்க் ஜான்சன் நடுவில் புகுந்து, ஒரு நொடி மீதமிருக்கும்போது வலைக்குள் போட்டார். அடுத்த பீரியடில் டிரெட்டியாக்குக்குப் பதில் மாற்றுக் கோலி மிஷ்கின் இறங்கினார். 4-3 என அமெரிக்கா ஜெயித்தது. அந்த ஒரு ரீபவுண்டைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். தடுப்பது பாதி வேலைதான், மூலைக்குத் தள்ளுவது மீதிப் பாதி.

பயிற்சி இப்படி: ரீப்ளே வரும்போது ஒலியை அணைத்துவிட்டு, கோலி என்ன செய்தார் என்று ஒரே வாக்கியத்தில் நீங்களே சொல்லுங்கள். பிறகு ஒலியோடு திரும்ப ஓட்டி, வர்ணனையாளர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். பத்து முறை இதைச் செய்தால் போதும், காது தானாகப் பழகும். ஒரே ஒரு எச்சரிக்கை, முன்னாள் கோலிகளுக்குக் கோலிகள் மீது கொஞ்சம் கூடுதல் பரிவு உண்டு. ஹ்ரூடி 1987 ஏப்ரலில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்காக, நான்காவது கூடுதல் பீரியட் வரை நீண்ட ஒரே ஆட்டத்தில் 73 அடிகளைத் தடுத்தவர். அவர்கள் பரிவுக்குக் காரணம் இருக்கிறது, ஆனாலும் முடிவை உங்கள் கண்ணால் எடுங்கள்.

அடுத்த ஆட்டத்தில் முதல் பீரியட் முழுக்க ஒரு கோலி, இரண்டாவதில் மற்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் அணிகள் பக்கம் மாறுவதால் பெஞ்ச் கோலிக்குத் தூரமாகிவிடும், களைத்த தடுப்பாளர்கள் மாற்று ஆளை இறக்க முடியாமல் அவர் முன்னாலேயே மாட்டிக்கொள்வார்கள். கோலியைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.