கிராப் ஃபேக்டர்: ஒரே எண்ணை நம்பி சறுக்கும் இடங்கள்

"உங்க கேமராவுக்கு கிராப் எவ்வளவு?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் 1.5 என்றோ 1.6 என்றோ டக்கென்று ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். ஃபுல் ஃபிரேமோடு (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) ஒப்பிட்டால் உங்கள் கேமராவின் சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சில்லு, எத்தனை மடங்கு சிறியது என்று சொல்லும் எண் அது. போட்டோவுக்கு அது சரி. வீடியோவில் அதே கேமரா, அதே லென்ஸ், மெனுவில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினாலே அந்த எண் வேறாகிவிடலாம். ஃபிரேம் விஷயத்தில் ஏமாறுபவர்கள் பலரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கேனான் எம்50-ஐ எடுத்துக்கொள்வோம். கூடவே வரும் 15-45 மி.மீ. கிட் லென்ஸை 15-ல் வைத்தால் (மி.மீ. எண் குறையக் குறைய காட்சி அகலமாகும்), 1.6-ஆல் பெருக்கி, ஃபுல் ஃபிரேமின் 24 மி.மீ. அளவுக்கு போட்டோவில் அகலம் கிடைக்கும், வ்லாக் எடுக்கத் தாராளம். 4கே வீடியோவுக்கு (உயர் தெளிவு) மாற்றினால் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும்தான் படிக்கும், மொத்த கிராப் ஏறக்குறைய 2.56 ஆகிவிடும், அதாவது லென்ஸின் அகலமான முனையே 38 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். கையை எவ்வளவு நீட்டினாலும் ஃபிரேம் முழுக்க முகம்தான்.

சரி, ஃபுல் ஃபிரேம் வாங்கிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பது அடுத்த தவறு. 2018-ல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர் ஃபுல் ஃபிரேம்தான், ஆனால் 4கே-யில் சுமார் 1.75 மடங்கு கிராப் ஆகும், 24 மி.மீ. லென்ஸ் 42 மாதிரி ஆகிவிடும். சோனி ஏ7 IV, நிக்கான் இசட்6 II இரண்டும் 4கே-யில் வினாடிக்கு 60 ஃபிரேமுக்குப் போனால் ஏபிஎஸ்-சி (1.5, 1.6 கிராப் கொண்ட சிறிய சென்சார்) அளவுக்குச் சுருங்கிவிடும். பெரிய சென்சார் முழுவதையும் அவ்வளவு வேகமாகப் படித்து முடிக்க முடியாததுதான் முக்கியக் காரணம். வாங்கும் முன் "4கே இருக்கா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த ஃபிரேம் ரேட்டில் எவ்வளவு கிராப் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. சோனி இசட்வி-இ10-ல் 4கே 30 ஃபிரேமில் எடுத்தால் 1.23 மடங்கு கூடுதல் கிராப், 24, 25-ல் எடுத்தால் சென்சாரின் முழு அகலம். யாரோ வெளிநாட்டு யூடியூபர் சொன்னார் என்று 30-ல் வைத்துக்கொண்டு, 16 மி.மீ. போதவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மெனுவில் பால் (PAL, 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான வீடியோ முறை) மோடுக்கு மாற்றி 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் அகலமும் கிடைக்கும், டியூப்லைட் மினுக்கலும் அடங்கும். அப்புறம் டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனை (ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) ஆன் செய்தால் ஃபிரேம் இன்னும் கொஞ்சம் குறுகும், அதையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

போட்டோவில் ஃபிரேம் பார்த்து வைத்துவிட்டு அப்படியே ரெக்கார்ட் பட்டனை அமுக்குவதும் வழக்கமான தவறுதான். கிராப்பே இல்லாவிட்டாலும் 3:2 விகித போட்டோ 16:9 வீடியோ ஆகும்போது மேலும் கீழும் சேர்த்து உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். 4:3 சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களில் கால்வாசியே போகும். கடைசி வரிசையில் நிற்கும் உயரமான மாமாவின் தலை போவது இப்படித்தான்.

மனக்கணக்குக்கு ஒரு எளிய வழி: சென்சாரில் படிக்கப்படும் பகுதியின் அகலத்தை (மி.மீ.-ல்) லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்து, நிற்கும் தூரத்தால் பெருக்குங்கள், எத்தனை அடி அகலம் ஃபிரேமில் விழும் என்று வந்துவிடும். மணமேடையிலிருந்து பத்தடி தள்ளி 24 மி.மீ. லென்ஸோடு நின்றால் ஃபுல் ஃபிரேமில் 15 அடி விழும், கேனான் ஏபிஎஸ்-சியில் ஒன்பதேகால் அடி, அதே எம்50-யின் 4கே-யில் ஆறடிகூட வராது. மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கமும் பெற்றோர் என்றால் ஆறடி எந்த மூலைக்கு? மண்டபத்தில் பின்னால் போகவும் இடம் இருக்காது.

லென்ஸ் விஷயத்தில் ஒரு குழப்பம் சாகவே மாட்டேன் என்கிறது: "இது ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த லென்ஸ், அதனால் பெருக்க வேண்டாம்." தவறு. மி.மீ. லென்ஸின் சொந்த அளவு, எந்த பாடியில் மாட்டினாலும் மாறாது. 18-55 கிட் லென்ஸும் பெருக்க வேண்டியதுதான். அதேபோல 50 மி.மீ. "75 ஆக மாறுவதும்" இல்லை, படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுகின்றன, அவ்வளவே. முகத்தில் மூக்கு பெரிதாகத் தெரிவது நீங்கள் நிற்கும் தூரத்தைப் பொறுத்தது, சென்சாரை அல்ல.

அப்பர்ச்சரில் (லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்) இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. எஃப் 1.8 எந்த சென்சாரிலும் எஃப் 1.8 எக்ஸ்போஷரைத்தான் தரும், வெளிச்சம் குறையும் என்று ஐஎஸ்ஓ-வை (ஒளி உணர்திறன்) ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் பின்னணி மங்கலை ஒப்பிட்டால் அதையும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும்: 1.5 கிராப்பில் 50 மி.மீ. எஃப் 1.8, ஃபுல் ஃபிரேமின் 75 மி.மீ. எஃப் 2.7 மாதிரி. விளம்பரங்கள் இதில் கெட்டி. சோனி ஆர்எக்ஸ்10 IV-ஐ 24-600, எஃப் 2.4-4 என்பார்கள். உள்ளே இருப்பது 8.8-220 மி.மீ. லென்ஸ். மி.மீ. எண்ணை மட்டும் அதன் கிராப்பான 2.7-ஆல் பெருக்கிவிட்டு எஃப் எண்ணை அப்படியே விட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகத்துக்கு மி.மீ.-ஐப் பெருக்கிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், 1.5 கிராப்பில் 50-க்கு 1/80. பழைய மேனுவல் லென்ஸை மாட்டி, பாடியின் ஸ்டெபிலைசேஷன் மெனுவில் எண் கொடுக்கும்போது மட்டும் பெருக்கவே கூடாது. தன் சென்சார் அளவு கேமராவுக்கே தெரியும், லென்ஸில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். 50-க்கு 75 என்று போட்டால் அது தேவைக்கு மேல் திருத்தி, ஆடாத படத்தையும் ஆட்டிவிடும்.