ஓர் ஆசிரியைக்கு நினைவு மலர்: தொகுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பின் கனத்தை மயானத்தில் அடக்க ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போதே "டீச்சருக்கு ஒரு நினைவு மலர் போடவேணும்" என்ற பேச்சு எழுந்துவிடும். நல்ல எண்ணந்தான். ஆனால் 31ஆம் நாளுக்குள் புத்தகம் கைக்கு வரவேண்டும் என்று ஓடுவதே பல மலர்களைக் கெடுத்துவிடுகிறது. அந்த அவசரத்தில் அனுதாபச் செய்திகள் மட்டுமே சேரும். எல்லாவற்றிலும் "அன்பானவர், பண்பானவர், பக்தியுள்ளவர்" என்றே இருக்கும். பெயரை மாற்றிவிட்டால் வேறெந்த ஆசிரியைக்கும் அது பொருந்தும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். நன்றி ஆராதனைக்கு ஒரு தாளை மடித்த நான்கு பக்க ஆராதனை முறைமை போதும்: படம், பிறந்த, மறைந்த திகதிகள், பாடல்கள், 150 சொல்லில் வாழ்க்கைக் குறிப்பு. மலரை முதலாம் ஆண்டு நினைவுக்கு வையுங்கள். மூன்று பேர் பொறுப்பெடுத்தால் போதும்: குடும்பத்தில் ஒருவர், பழைய மாணவி ஒருவர், சபையில் ஒருவர். பத்துப் பேர் சேர்ந்த குழுவில் புரூவ் (அச்சுக்கு முந்திய திருத்தப்படி) பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்.

முதலில் காலவரிசை

யாரிடமும் கட்டுரை கேட்பதற்கு முன் டீச்சருடைய வாழ்க்கையை ஆண்டுவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். பிறந்த ஊர், ஞானஸ்நானம், படித்த பாடசாலை, ஆசிரியர் பயிற்சி, முதல் நியமனம், இடமாற்றங்கள், திருமணம், ஓய்வு. எந்த விபரம் எங்கிருந்து கிடைத்தது என்பதைப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். பிறகு ஒருவர் "அது 68 இல்லை, 71" என்று சொல்லும்போது அந்தக் குறிப்புத்தான் கைகொடுக்கும்.

ஞானஸ்நான, திருமணத் திகதிகளுக்குச் சபைப் பதிவேட்டைப் பாருங்கள். பாடசாலைச் சேவைக்கு அதிபருக்குக் கடிதம் எழுதி, பாடசாலை நிகழ்வுகளைப் பதியும் சம்பவத் திரட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கடமையேற்ற நாளும் விடுவிக்கப்பட்ட நாளும் அதில் பதியப்பட்டிருக்கும். அரச சேவையில் ஓய்வுபெற்றவரென்றால் வீட்டு அலுமாரியில் நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், ஓய்வூதியப் பத்திரங்கள் உள்ள ஒரு கோவை இருக்கும். சேவை வரலாறு முழுவதும் அங்கே கிடைக்கும். 1983 இனக்கலவரத்திலோ பின்னர் இடம்பெயர்ந்தபோதோ கோவை தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் குடும்பத்தவர் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

இங்கே அடிக்கடி நேரும் பிழைகள் சில. பதிவேட்டில் டீச்சர் கன்னிப்பெயரின் முதலெழுத்தோடு இருப்பார். பழைய மாணவர் பலருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். மலரின் முதற் பக்கத்திலேயே இரண்டு பெயரையும் போடுங்கள். அடுத்தது, பாடசாலை யாருடையது என்பது. உதவி நன்கொடை பெற்ற மிஷன் பாடசாலைகளை இலங்கை அரசு 1960, 1961 சட்டங்களால் பொறுப்பேற்றது. 1957இல் மிஷன் ஆசிரியையாகச் சேர்ந்தவர் அதே கட்டடத்தில், அதே கரும்பலகைக்கு முன்னால் அரச ஆசிரியையாகியிருப்பார். பாடசாலையின் பெயரும் மாறியிருக்கலாம். ஆகவே அந்தந்த ஆண்டில் வழங்கிய பெயரை எழுதி, இன்றைய பெயரைப் பிறகு குறிப்பிடுங்கள். சபைக்கும் இதே கவனம் வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை 1947இல்தான் உருவானது. 1938இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்கன் மிஷன் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவரைத் "தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார்" என்று எழுதக்கூடாது.

நினைவுகளை வாங்கும் விதம்

மலரின் உயிர் இந்தப் பகுதிதான். "டீச்சரைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கோ" என்று கேட்டால் புகழுரைதான் வரும். கேள்வியாகக் கேளுங்கள்: "டீச்சர் வகுப்புக்குள்ள வந்தவுடன முதல் என்ன செய்வா?" "கொப்பி திருத்தினா என்ன மையில, என்ன எழுதுவா?" "பிழை விட்டா எப்படிச் சொல்லித் தருவா?" "நீங்கள் அவவிட்ட ஏச்சு வாங்கினது எதுக்கு?" இப்படிக் கேட்டால், ற, ர வேறுபாட்டைச் சொல்லித்தர டீச்சர் எந்தச் சொற்களைப் பலகையில் எழுதினார், சோக்குத் துண்டை எந்த விரல்களுக்கிடையில் பிடித்தார் என்பதெல்லாம் வெளியே வரும். அவருடைய பக்தியும் இப்படியான செயல்களில்தான் தெரியவேண்டும். அடைமொழிகளில் அது தெரியாது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருப்பவர்களிடம் வட்ஸ்அப் குரல்பதிவு கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும். வந்த உடனேயே பேசியவரின் பெயரையும் படித்த ஆண்டையும் கோப்பின் பெயராக வையுங்கள். குழுவுக்குக் குழு மாறி வந்த பதிவில் யார் பேசுகிறார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. எழுத்தாக்கும்போது பேச்சுத் தமிழை முழுவதும் இலக்கணத் தமிழாக்கவேண்டாம். டீச்சர் சொன்னதாக வரும் வசனத்தை அவர் வாயில் வந்தபடியே விடுங்கள்.

ஆண்டு குறித்து இருவர் முரண்பட்டால் "அப்ப அதிபர் யார்?" என்று கேளுங்கள். ஆண்டு மறந்தாலும் அதிபரின் பெயர் மறப்பதில்லை. அவர் பதவியிலிருந்த காலத்தைக் கொண்டு திருத்திவிடலாம்.

இந்து, முஸ்லிம் மாணவரிடம் தவறாமல் எழுத்து வாங்குங்கள். சமயபாட நேரத்தில் வேறு அறைக்குப் போன பிள்ளைகள் டீச்சரிடம் கண்டது வேறாக இருக்கும். "எல்லாச் சமயத்தையும் மதித்தார்" என்ற வரிக்குப் பதிலாக, நோன்பு மாதத்தில் அந்தப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாமல் விட்டாரா, சரஸ்வதி பூசைக்கு எதைக் கொடுத்தார் என்று எழுதச் சொல்லுங்கள். கண்டிப்பானவராக இருந்தால் அதுவும் மலரில் இருக்கட்டும். பிரம்பை வெட்டியெடுத்துவிட்டால் அவரை அறிந்தவர்கள் மீதியையும் நம்பமாட்டார்கள்.

ஒரே ஒரு விடயத்தில் கைவைக்கக்கூடாது. டீச்சர் இரகசியமாகப் பரீட்சைப் பணம் கட்டிய, சப்பாத்து வாங்கிக் கொடுத்த பிள்ளைகளின் பெயரை அவர்கள் சம்மதமில்லாமல் அச்சிடவேண்டாம். வலதுகை கொடுப்பதை இடதுகை அறியாமல் செய்தவரின் மலரில் அதைப் பட்டியலாகப் போடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

வேதாகமமும் படங்களும்

டீச்சருடைய வேதாகமத்தைக் குடும்பத்தவர் பிரித்துக்கொண்டு போவதற்கு முன் பக்கம் பக்கமாகப் பாருங்கள். அடிக்கோடு, ஓரத்தில் எழுதிய திகதி, இடையில் வைத்த பிள்ளையின் படம், ஜெபக்குறிப்புச் சீட்டு எல்லாம் இருக்கும். எந்தப் பக்கத்தில் எது இருந்தது என்பது தெரியும்படி படமெடுத்துவிட்டு, சீட்டுகளை அதே இடத்தில் திரும்ப வையுங்கள். மலரின் முகப்பு வசனத்தை அங்கிருந்தே எடுங்கள். எல்லா மலரிலும் வரும் "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" என்ற 2 தீமோத்தேயு 4:7ஐவிட, அவர் மூன்று முறை கோடிட்ட வசனம் அவரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும். வசனத்தை அதே பதிப்பிலிருந்து எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தெழுதுங்கள். புரொட்டஸ்தாந்தரின் பழைய மொழிபெயர்ப்பும் கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியமும் சொல்லுக்குச் சொல் ஒன்றல்ல.

கொழும்பின் ஈரக்காற்றில் பழைய படங்கள் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். சிறிய படங்களை 600 டிபிஐயில் எடுத்தால்தான் பெருப்பித்தாலும் தெளிவு குறையாது. வெளியூரிலிருந்து அனுப்புவோரிடம் வட்ஸ்அப்பில் படமாக அல்ல, டொகியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக வந்தால் தரம் சுருங்கிவிடும். வகுப்புக் குழுப்படத்தை வயதான மாணவிகளிடம் காட்டி, வரிசைவரிசையாக இடமிருந்து வலமாகப் பெயர் கேட்டு அன்றே எழுதுங்கள். மலரில் எதையாவது பிற்போடலாம், இதைப் பிற்போடக்கூடாது.

பக்கமும் அச்சும்

ஏ5 அளவு, உள்ளே 80 ஜிஎஸ்எம் தாள், அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போட். நடுவில் கம்பி அடிப்பதென்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கவேண்டும். 64 பக்கம் வரை நன்றாக மடியும், அதற்கு மேலென்றால் முதுகு ஒட்டுங்கள். 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் கொள்ளும். ஆகவே ஆளுக்கு 350 சொல் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 300 பிரதிகளுக்குக் குறைவென்றால் டிஜிட்டல் அச்சு மலிவாக வரும்.

எழுத்துருதான் பெரிய தலையிடி. உங்களுக்கு வருபவை யுனிகோட்டில் இருக்கும். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை அச்சகங்களில் யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினி இன்னும் ஓடுகிறது. மாற்றும்போது கட்டுரைக்குள் இருந்த ஆங்கிலப் பெயர்கள் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும், மேற்கோள் குறிகள் இடம்மாறும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் யுனிகோட்டைப் போட்டால் "வேர்ல்ட்-ரெடி கம்போசர்" தெரிவுசெய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்நிற்கும். முதல் புரூவைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிடுங்கள். பெயர்களையும் திகதிகளையும் குடும்பத்தவர் தனியாக ஒருமுறை பார்த்துக் கையொப்பமிடட்டும்.

பிரதிகள் எல்லாம் ஆராதனை முடிவில் கைமாறிப் போய்விடும். முன்கூட்டியே பத்துப் பிரதிகளை எடுத்துவையுங்கள்: டீச்சர் படிப்பித்த ஒவ்வொரு பாடசாலை நூலகத்துக்கும் ஒன்று, சபைக்கு ஒன்று, வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச்சங்க நூலகத்துக்கு ஒன்று. நூலக நிறுவனம் 2005 முதல் இணையத்தில் நடத்தும் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களுக்கும் இடமுண்டு. அச்சுப் பிரதியோடு பிடிஎஃப் கோப்பையும் கொடுங்கள். அச்சேறாத குரல்பதிவுகளையும் முழுப் படங்களையும் இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றைக் குடும்பத்திடமும் மற்றதைச் சபை அலுவலகத்திலும் வையுங்கள்.